அப்பாவின் உபவாசம்

போன லெந்து நாட்களில், சிங்கப்பூர் தேக்காவில் நம் சபையில் நான் ஒரு சாட்சி சொன்னேன். நீங்களும் சந்தோஷப்பட்டுக் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி தவறு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் தனியாக இருக்கும் என் எழுபத்தெட்டு வயது அப்பா வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கிறார் என்று அன்று பெருமையடித்தேன். மைக் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம் சின்னக் கிராமம். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வேலை முடிந்து மார்சிலிங் வீட்டுக்கு வந்ததும் போன் செய்வேன். சாப்பிட்டீர்களா என்றால், "உபவாசம்டே" என்பார். நானும் ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிடுவேன்.

அன்று ஆராதனை முடிந்ததும் சலோமி அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருப்பவர்.

"தம்பி, அப்பா ஃபாஸ்டிங் முடிச்சிட்டு என்ன சாப்பிடுறாரு?"

"தெரியலக்கா."

"கேட்டுப் பாருங்க லா. வயசானவங்க சாப்பாட்டை நிறுத்தினா எனக்குப் பயமா இருக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் போனில் கேட்டேன். அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார்.

"உபவாசம்லாம் இல்லடே. சோறு இறங்க மாட்டேங்கு. காலையில ஏன் எந்திரிச்சோம்னு இருக்கு. என்னைய எடுத்துக்கிடும் ஆண்டவரேன்னுதான் தெனமும் ஜெபிக்கேன். வெளிய சொன்னா விசுவாசம் போச்சும்பாவ."

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, அவர் கேட்பதைக் கொடுக்காதேயும்" என்று மட்டும் ஜெபித்தேன். அப்பனும் மகனும் ஒரே தேவனிடம் எதிரெதிராக மனுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

உடனே பக்கத்துத் தெரு முத்தையா மாமாவை அழைத்து, நான் வரும்வரை அப்பாவோடு தங்கச் சொன்னேன். மறுநாளே விமானம் ஏறினேன். அப்பாவுக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது மனச்சோர்வு நோய், மருந்து உண்டு என்றார். அப்பா மாத்திரையைத் தொட மறுத்தார்.

"கண்ணாடி போடுதீங்களே, அதுனால விசுவாசம் கொறைஞ்சா போச்சு?" என்று கேட்டேன். முறைத்துவிட்டு மாத்திரையை விழுங்கினார்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நான் ஜெபித்தேன், பயந்தேன், இரண்டும்தான். விடுப்பு முடிந்து நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகும் முத்தையா மாமா மதியம்தோறும் தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவோடு உட்கார்ந்தார். அவர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். ஆண்டவர் அவரைத்தான் அனுப்பினார் என்று கூசாமல் சொல்லுவேன். ஐந்தாவது வாரம் அப்பா மீன் குழம்பில் உப்பு இல்லை என்று மாமாவோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையைப் போனில் கேட்டு நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிரியமானவர்களே, ஊரில் தாய் தகப்பன் இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள். நலமா என்று கேட்டால் ஸ்தோத்திரம் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். சோர்வைச் சொல்வது பாவமில்லை என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் அழைத்துப் போங்கள். கர்த்தர் கைவிடமாட்டார்.

போன வாரம் போனில் அப்பாவே ஜெபம் செய்தார்.

"நான் கேட்டதைத் தராத ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்."

நான் இரண்டு முறை ஆமென் சொன்னேன்.