சொரபொர குளத்தில் மோட்டாரைச் சாய்க்கக் கற்றது

மிதவைப் படகின் மூக்கு தண்ணீரை விட்டு மேலே எழுந்தது நான் மோட்டாரின் சாய்வை மாற்றியதாலா, அல்லது ஆண்கள் பின்னால் வந்ததாலா? ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்பிரிங்வெளியிலிருந்து முதல் பஸ்ஸில் பத்து மாதக் குழந்தை செல்வியுடன் புறப்பட்டேன். அங்கே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த என் கணவர், ஐந்து மாதமாக மகியங்கனைக்கு அருகே ஒரு பண்ணையில் தண்ணீர்ப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் அவரைப் பார்க்கக் கிளம்பினேன். ஒரு போத்தல் கொதித்தாறிய நீர், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர் எல்லாம் பையில் இருந்தன. பதுளை வருவதற்குள் மூன்று முறை பையைத் திறந்து பார்த்துவிட்டேன்.

பதுளையில் எட்டேகாலுக்கு மகியங்கனை பஸ். டிக்கட் நான்கு ரூபாய் இருபது சதம். முப்பத்தொன்பது மைல் என்றார்கள். தல்தென தாண்டியதும் தேயிலை மறைந்துவிட்டது. மீகாகிவுலவில் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். குழந்தைக்குக் கழற்றலாமா கூடாதா என்று அடுத்த நான்கு மைலும் யோசித்தேன். மகியங்கனையில் இறங்கியபோது வெயில் தலையைச் சுட்டது. அங்கிருந்து குளக்கரைக்கு ஒன்றரை மைல், மாட்டு வண்டியில் போனோம்.

சொரபொர குளத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் கடல் என்றே நினைப்பார்கள். நான் கடலையே பார்த்ததில்லை என்பதால் எனக்கு ஒப்பிட எதுவும் இல்லை. பண்ணை அக்கரையில் இருக்கிறது. தண்ணீர் வழியாக ஏறக்குறைய ஒரு மைல். சுற்றிப் போனால் ஏழு மைல் காட்டுப்பாதை, அதில் யானை வரும்.

ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் கடத்து வைத்திருப்பவர் பதுளை பஜாரில் கடை வைத்திருந்த நாஸர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கலாம். பன்னிரண்டு தார்ப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, பின்பலகையில் ஒரு பழைய ஜப்பான் மோட்டாரைத் தொங்கவிட்டிருக்கிறார். பதினெட்டு அடி நீளம், எட்டு அடி அகலம். ஆளுக்கு ஐம்பது சதம். குழந்தையைப் பார்த்து, "இந்த மகாராணிக்கு இலவசம்" என்றார்.

பண்ணை சேர்ந்த அன்று மாலை கணவர் விஷயத்தைச் சொன்னார். பண்ணையில் ஒரு வீடு காலியாகிறது. அடுத்த மாதத்துக்குள் குடும்பத்தோடு வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

என் பயம் அவருக்குத் தெரியும். தை மாதம் செல்விக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. தோட்டத்து லொறியில் அரை மணி நேரத்தில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். இங்கே ஆஸ்பத்திரி குளத்தைத் தாண்டி மகியங்கனைப் பக்கம். இவர் பகல் முழுதும் பம்பு அறையில். நானாவோ எந்த நேரம் எந்தக் கரையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் பண்ணைக்கென்று ஒரு சின்ன மிதவையும் மோட்டாரும் இருந்தன.

"நானே அத ஓட்டப் பழகிட்டா வர்றேங்க" என்றேன்.

"இதென்ன கமலா, புதுச் சட்டம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "சரி, நாளைக்கே நானாகிட்ட கேக்குறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. கரையில் இவர் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானாவின் மிதவையில் ஏறினேன். கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்புவது கடினம் என்று நினைத்திருந்தேன். அது நான்காவது இழுப்பில் வந்துவிட்டது. கடினமானது சாய்வு.

மோட்டாரின் கால் தண்ணீருக்குள் நேராக நிற்பதில்லை. மோட்டாரைப் பலகையோடு பிடித்திருக்கும் இரும்பில் நான்கு துளைகள். ஒன்றில் விரல் பருமனில் கம்பி ஒன்று செருகியிருக்கும். கால் அந்தக் கம்பியில் சாய்ந்து நிற்கும். கம்பி முதல் துளையில் இருந்தால் கால் மிதவையை ஒட்டி வரும், மிதவையின் மூக்கு தாழும். கடைசித் துளையில் இருந்தால் கால் விலகும், மூக்கு நிமிரும். மாற்றுவதற்கு முன் மோட்டாரை நிறுத்த வேண்டும். முழங்காலால் மோட்டாரின் காலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியை உருவிச் செருக வேண்டும்.

"மூக்கையே பாருங்க டீச்சர். தண்ணிய மோந்து பாத்தா ஒரு துளை வெளிய. வானத்தப் பாத்தா ஒரு துளை உள்ள. வேற வித்தை இல்ல" என்றார் நானா.

முதல் துளையில் மூக்கு தண்ணீரை உழுதது. நான்காவதில் மிதவை குதிரை போல எகிறி, மோட்டார் அலறியது. இரண்டாவதில் சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. பீப்பாய்களின் ஓரத்தில் தண்ணீர் இரண்டு கோடாகப் பிரிந்து போனது. இவ்வளவு பெரிய பொருள் ஒரு விரல் கம்பிக்குக் கட்டுப்படுகிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கரையில் குழந்தை இருப்பதைச் சில நிமிடம் மறந்துபோனேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குத் திரும்பும் பயணம். இவர் பம்பு அறையை விட்டு வர முடியவில்லை. பண்ணையில் மிளகாய் பறிக்க மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், சந்தைக்குப் போக ஏறினார்கள். பதினோரு பெண்கள், ஏழு ஆண்கள், நாலைந்து மூட்டை. நானா, "நடுத் தண்ணி வரைக்கும் நீங்களே பிடிங்க, நான் முன்னால இருக்கேன்" என்று போய்விட்டார். வலது கையில் மோட்டார் பிடி, இடது மடியில் செல்வி.

கரையை விட்டு இருநூறு கெஜம் போனதும் மூக்கு எழுந்தது. எனக்குப் புரியவில்லை. கம்பி இரண்டாவது துளையில்தானே இருக்கிறது? சுற்றிலும் பார்த்தால், பெண்கள் பதினோரு பேரும் என்னைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். மூட்டைகளும் அங்கேதான். ஆண்கள் எல்லாம் முன்னால் நின்றுகொண்டு, பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து லொறியில் ஏறுவது போலவே ஏறியிருந்தார்கள்! லொறியில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். நானும் அப்படியே ஏறி வளர்ந்தவள் என்பதால் கண்ணில் படவே இல்லை.

பின்பலகை இடுக்கில் தண்ணீர் ஏறி என் சேலை நனைந்தது.

"கொஞ்சப் பேரு முன்னாடி போங்கக்கா" என்றேன்.

பக்கத்தில் இருந்த பாக்கியம் அக்கா வாய் நிறைய வெற்றிலையோடு, "ஆம்பளைங்களுக்கு முன்னால போயி குந்துறதா? நல்லா இருக்கே டீச்சர்! நாங்க எப்பவும் பின்னாலதான்" என்றாள். ஒருத்தியும் அசையவில்லை.

பிறகு நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. செல்வியைத் தூக்கி பாக்கியம் அக்காவின் கையில் கொடுத்தேன். "பெட்ரோல் பொகை புள்ளைக்கு ஆகாது. முன்னால கொண்டு போங்க" என்றேன்.

அவள் உடனே எழுந்தாள். "ஐயோ, புள்ள வெயில்ல கருகிடும்" என்று ஒருத்தி முந்தானையைக் குடையாகப் பிடித்தாள். இன்னொருத்தி குழந்தையின் செருப்பு விழுந்ததென்று எடுத்துக்கொண்டு அவர்களைத் தொடர்ந்தாள். ஒரு நிமிடத்தில் பதினோரு பெண்களும் குழந்தையோடு போய்விட்டார்கள். பின்னால் நானும் மூட்டைகளும் மட்டும்.

மூக்கு மெல்லத் தாழ்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அது தாழ்வதை நிறுத்தவில்லை. முன்பலகை மேல் தண்ணீர் ஏறியது. என் குழந்தை அங்கே இருந்தது.

மோட்டாரை நிறுத்தினேன். பதினெட்டு அடி தூரம் ஓடிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ள உடம்பு துடித்தது. போனால் இன்னும் ஓர் ஆள் பாரம் முன்னால் சேரும். முழங்காலால் மோட்டாரின் காலைத் தள்ளினேன். கம்பி வர மறுத்தது. என் நகம் பிய்ந்த பிறகே வந்தது. மூன்றாவது துளையில் செருகினேன்.

அதே நேரம் நானா, "ஆம்பளைங்க எல்லாம் பின்னால போங்கடா!" என்று கத்துவது கேட்டது.

"பொம்பளைங்க முன்னால, நாங்க பின்னாலயா? கரையில எறங்குனா ஊரே சிரிக்கும் நானா" என்றான் ஒருவன்.

"தண்ணியில எறங்குனா மீனு சிரிக்கும். வாய மூடிக்கிட்டுப் போ" என்றாள் பாக்கியம் அக்கா.

அவர்கள் வந்தார்கள். நான் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது. மூக்கு தண்ணீரை விட்டு விரலளவு எழுந்து, அப்படியே நின்றது. கரை சேரும் வரை அது அசையவில்லை. "கம்பிதான்" என்றார் நானா. "நாங்கதான்" என்றார்கள் ஆண்கள்.

செல்வியை வாங்கும்போது அவள் பாக்கியம் அக்காவின் வெற்றிலைப் பையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒரு துளி நனையவில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏறி, மீகாகிவுல வரும் வரை அவளை மடியிலிருந்து இறக்கவில்லை.

இங்கே குளிரில் உட்கார்ந்து யோசிக்கிறேன். பதுளைப் பாதையில் லொறியை ஓட்டுவது வேறொருவர். அதில் நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அழலாம். தண்ணீரில் ஓட்டுவது நானே; அழுவதற்குக் கை ஒழியாது. ஆனாலும் போகலாம் என்றே மனம் சொல்கிறது. மகியங்கனைப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதி, உறையில் போட்டுவிட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. ஒரே காரணம் இதுதான்: அவசரத்தில் நான் தனியாகப் போனால், கம்பியை மாற்ற இரண்டு கையும் முழங்காலும் வேண்டும். அப்போது குழந்தையை எங்கே வைப்பது? முதுகில் கட்டினால் குனியும்போது சரியும். பெட்டியில் படுக்க வைத்தால் முன்னாலா, நடுவிலா? பலகையோடு பெட்டியைக் கட்டலாமா, அல்லது கட்டவே கூடாதா? மட்டக்களப்பு வாவியிலோ வேறு எங்கோ கைக்குழந்தையோடு தனியாகப் படகோட்டிய தாய்மார் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.