விரல் அசையுதா அண்ணாச்சி?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய்க்கதை சொல்கிற ஆட்களைப் பார்த்து, "ராத்திரி என்னத்தத் தின்ன?" என்று கேட்டுச் சிரித்தவன்தான் நானும். ஆனால் இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் உடம்பில் நடந்தது. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகத் தழும்பு இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

என் பெயர் சமுத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவன், போன ஐப்பசி மழையில் மகள் கேட்டாள் என்று பால்கோவா வாங்கக் கிளம்பி, எக்ஸ்எல் வண்டியோடு சறுக்கி விழுந்தேன். எங்கள் ஸ்டாண்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. முதலாளிக்குத் தெரிந்த இடம் என்று ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வேண்டாம். ஆபரேஷன் தேவையில்லை, மாவுக்கட்டு போதும், ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது. இடது கால் என்றால் கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் நான் டிரைவர் இல்லை. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

கட்டுப் போட்டது எட்வின் என்ற பையன். முப்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் முதலில் ஓடுவது நாட்டுக்கட்டு போடுகிறவரிடம்தான். அவர் மூங்கில் பத்தை வைத்து இறுக்குகிற இறுக்கில் கண்ணில் தண்ணீர் வரும். அந்த இறுக்கம்தான் எலும்பைச் சேர்க்கும் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். நானும் எட்வினிடம், "தம்பி, நல்லா இறுக்கிப் போடுங்க. சீக்கிரம் வண்டி எடுக்கணும்" என்றேன்.

"வீக்கம் வரும்ணே. இம்புட்டு இறுக்கம் வேண்டாம்" என்றான்.

டாக்டர் போனில் பேசிக்கொண்டே கையை ஆட்டினார். அவர் கேட்கிறபடி போடு என்று அர்த்தம். எட்வின் போட்டான்.

மாடியில் ஆண்கள் வார்டு. நாலு கட்டில் போடுகிற இடம். எதிரே ஒரு பெரியவர், ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்துக் கட்டில் காலி. என் இடது கைப்பக்கம் பச்சைத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணி ஆனதும் வாட்ச்மேன் வந்தார். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் இருக்கக் கூடாதாம். என் மனைவி காளீஸ்வரி பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே மருந்துக்கடை ஓரத்தில் படுக்கப் போனாள்.

"எதுனாலும் போன் போடுங்க. சும்மா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிடக்காதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு வலி ஆரம்பித்தது.

எலும்பு முறிந்த வலி எனக்குத் தெரியும். சாயங்காலம் முழுக்க அனுபவித்தேன். இது வேறு. உள்ளே கால் பருத்துக்கொண்டே போகிறது, வெளியே கட்டு நகர மாட்டேன் என்கிறது. தலைமாட்டில் இருந்த பெல்லை அமுக்கினேன். சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். பிறகு, "சிஸ்டர்... சிஸ்டர்..." என்று கத்தினேன்.

10.50க்கு ஒரு நர்ஸ் வந்தார்.

"கட்டுப் போட்டா வலிக்கத்தான செய்யும்? சின்னப் பிள்ளையா நீங்க?"

"ஊசி போடுங்க சிஸ்டர். தாங்க முடியல."

"டாக்டர் எழுதல. அவிய தூங்கியிருப்பாவ. இந்தா, மாத்திரை."

காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காளீஸ்வரிக்குப் போன் போட்டேன். அவள் ஓடி வந்து நர்ஸிடம் கெஞ்சியது எனக்கே கேட்டது. "எல்லாரும் இப்படித்தாம்மா ஊரைக் கூட்டுவாவ, காலையில சரியாப் போகும், நீங்க கீழ போங்க" என்றார் நர்ஸ். அதோடு வார்டு விளக்கையும் அணைத்தார்கள். வராந்தாவில் எரிந்த ஒரு பல்பின் வெளிச்சம் மட்டும் உள்ளே விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாற்பத்தி நாலு வயது ஆள், தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கூப்பிடாதீங்க அண்ணாச்சி. வரமாட்டாவ."

ஆண் குரல். தொண்டை கட்டிப்போன குரல். நாள் கணக்கில் கத்தினவன் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

"உங்களுக்கும் காலா?" என்றேன்.

அதற்கு, "விரல் அசையுதா அண்ணாச்சி?" என்று கேட்டது.

கால் விரலை ஆட்டப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே ஐந்து விரலும் தெரிந்தன. மங்கின வெளிச்சத்திலும் அவற்றின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. கருநீலம். கொஞ்சம்... கொஞ்சூண்டுதான் அசைந்தது. அதற்கே உயிர் போனது.

"அசையுது" என்றேன்.

"ஆட்டிக்கிட்டே இருங்க."

பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறான் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். பதில் இல்லை. பெயர் கேட்டேன். அதற்கும் இல்லை. அப்போது ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடவில்லை. இருமல் இல்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. குரல் மட்டும் வந்தது.

12.40.

"விரல் அசையுதா அண்ணாச்சி?"

இந்தத் தடவை குரல் தணிந்து கேட்டது. தணிந்து என்றால் மெதுவாக இல்லை. கீழே இருந்து கேட்டது. தரையில் படுத்திருக்கிற ஆள் பேசுகிற மாதிரி.

பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது. மற்ற நாலும் அசையவில்லை.

"அசைய மாட்டேங்குது..." என்றேன்.

"அடுத்தாப்ல மரத்துப் போவும். வலி நின்னுரும். வலி நின்னா சந்தோசப்படாதீங்க அண்ணாச்சி. நான் சந்தோசப்பட்டேன்."

மறுபடி பெல்லை அமுக்கினேன். மறுபடி காளீஸ்வரிக்குப் போன் அடித்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. அசந்து தூங்கிவிட்டாள், பாவம். "சிஸ்டர்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நர்ஸ் மேஜைப் பக்கமிருந்து பதில் மட்டும் வந்தது.

"சத்தம் போடாம படுங்க!"

யாரும் வரவில்லை.

1.55.

வலி நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை. விளக்கை அணைத்தது போல நின்றது. எத்தனையோ நேரம் கழித்து முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். அடுத்த நொடியே அந்தக் குரல் சொன்னது ஞாபகம் வந்தது.

விரலைக் கிள்ளினேன்.

வேறு யாருடைய விரலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

என் கால் போகிறது. படுத்த படுக்கையில், நான் பார்த்துக்கொண்டிருக்க, என் கால் போகிறது. இனிமேல் கிளட்ச் இல்லை. பஸ் இல்லை. சோறு இல்லை. அந்த நிமிஷம் பேயை நினைத்து நான் பயப்படவில்லை. கால் போவதை நினைத்துத்தான் பயந்தேன்.

"அண்ணாச்சி..."

திரைப் பக்கம் திரும்பினேன்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றேன்.

திரை அசைந்தது. மின்விசிறிக் காற்று என்று சொல்லலாம். மின்விசிறி ஓடவில்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

சரக்...

சரக்...

சுவரை நகத்தால் சுரண்டுவது போல. முதலில் திரைக்கு அந்தப் பக்கம். பிறகு திரைக்குக் கீழே.

பிறகு என் கட்டிலுக்கு அடியில்.

சரக்... சரக்... சரக்...

எழுந்திருக்க முடியாது. ஓட முடியாது. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். தெரிந்த சாமி பெயர் எல்லாம் சொன்னேன். ஆண்டாளம்மா... மாரியாத்தா...

சத்தம் நின்றது.

அப்பாடா என்று நினைத்தேன்.

என் காலில் கேட்டது.

மரத்துப்போன கால். கிள்ளினாலும் தெரியாத கால். ஆனால் சுரண்டுகிற அதிர்வு முழங்கால் வழியாக ஏறி இடுப்பு எலும்பில் தெரிந்தது. சரக். சரக். வேகமாக. ஆத்திரமாக. அதோடு ஒரு முனகல்.

எட்டிப் பார்க்கவில்லை.

சத்தியமாகப் பார்க்கவில்லை.

3.10.

படீர்.

அவ்வளவுதான் ஞாபகம். மயங்கிவிட்டேன்.

விடிகாலை ஐந்தரைக்குக் கூட்டுகிற அம்மா வந்து விளக்கைப் போட்டு, "ஏ ஆத்தாடி!" என்று அலறியதில்தான் கண் விழித்தேன்.

என் மாவுக்கட்டு முழங்காலிலிருந்து பாதம் வரை நீளவாக்கில் பிளந்து கிடந்தது. படுக்கை முழுவதும் வெள்ளைப் பொடி. கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வலி உயிர் போகிற மாதிரி திரும்பியிருந்தது. வலிக்கிறதே என்று சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நர்ஸ் வந்து என்னைத் திட்டினார். "எதை வச்சு உடைச்சீங்க?" டாக்டரும் கத்திக்கொண்டேதான் வந்தார். காலைப் பார்த்ததும் அவர் சத்தம் நின்றுபோனது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "ஆம்புலன்ஸ் கூப்பிடு. மதுரைக்கு. உடனே" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, "பக்கத்துக் கட்டில்காரரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்றேன்.

காளீஸ்வரி திரையை இழுத்தாள்.

கட்டிலே இல்லை. நாலு ஆக்சிஜன் சிலிண்டர், சக்கரம் போன ஒரு வீல்சேர், சுவர்.

மதுரையில் காலின் இரண்டு பக்கமும் கீறி வீக்கத்தை இறக்கினார்கள். கட்டு இறுக்கத்தில் ரத்த ஓட்டமே நின்றிருந்தது என்றார் அங்கே இருந்த டாக்டர். "ராத்திரியே கட்டைப் பிரிச்சது நல்லதாப் போச்சு. காலை வரைக்கும் விட்டிருந்தா முழங்காலோட எடுத்திருப்போம். யார் பிரிச்சாங்க?" என்று கேட்டார்.

ஆறு மாதம் ஆயிற்று, நான் மறுபடி வண்டி எடுக்க. ஒரு நாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். எட்வின் வந்து டிரைவர் சீட்டுப் பக்கம் நின்றான். அந்த ஆஸ்பத்திரியை விட்டு நின்றுவிட்டானாம். டீ வாங்கிக் கொடுத்தேன். அவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீயைக் குடிக்கவே இல்லை.

"அந்த இடத்துல ஒரு கட்டில் இருந்துச்சுண்ணே" என்றான். "கான்சாபுரத்துக்காரர். தங்கச்சாமின்னு பேரு. கால்லதான் கட்டு. ரெண்டு ராத்திரி வலிக்கி வலிக்கின்னு கத்துனார். நடிக்கிறார்னு சொல்லிட்டாவ. பெல்லை அடிச்சுக்கிட்டே இருந்தார்னு வார்டு பெல் வயரையே பிடுங்கி விட்டாவ. மத்தவங்க தூக்கம் கெடுதுன்னு திரையை இழுத்து மூடுனாவ. மூணாம் நாள் விடியக்காலம் வலி நின்னுருச்சுன்னு சிரிச்சாராம். மதுரைக்குக் கொண்டு போனாவ. அங்க காலை எடுத்தும் பிழைக்கல."

குனிந்து என் தழும்பைத் தடவினேன்.

"மதுரைக்கு ஏத்துறதுக்கு முன்னால நான்தாண்ணே அவர் கட்டைப் பிரிச்சேன். அதைச் சுரண்டிச் சுரண்டி அவர் கை விரல்ல ஒரு நகம்கூட முழுசா இல்ல."

"அப்போ என் கட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க கட்டைக் குப்பையில போடச் சொன்னாவ. போடுறதுக்கு முன்னால திருப்பிப் பாத்தேன். அதுக்கு அடுத்த நாளே வேலைய விட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

எட்வின் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"பிளந்த இடம் தவிர வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்லண்ணே. வழவழன்னு நான் பூசுன மாதிரியே இருந்துச்சு. உள்பக்கம்தான்... மேலே இருந்து கீழ வரைக்கும் நகத்தால சுரண்டி வச்சிருந்துச்சு. பஞ்செல்லாம் ரத்தம்."

கண்டக்டர் விசில் அடித்தான். நேரமாகிவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்தேன்.

அன்று மதுரையில் கத்தி வைப்பதற்கு முன்னால், என் காலை மேலிருந்து கீழ்வரை நானே பார்த்தேன். வீங்கியிருந்தது. கறுத்திருந்தது.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை.