கூடை காத்திருந்த நேரம்

யாரிடமாவது பேசத் தொடங்குமுன் சிவப்பிரகாசம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆறு வருஷம் அடுத்த மேஜையில் டைப் அடித்துக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறேன். டீ கொண்டு வருகிறவரிடம் பேசினாலும் அப்படித்தான். பேசி முடித்ததும் மறுபடி கட்டிக்கொள்வார்.

செங்கல்பட்டில் எங்கள் இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசில் அவருக்கு வொர்க் ஸ்டடி அசிஸ்டெண்ட் என்று பெயர். ஒரு வேலை எப்படி நடக்கிறது, எங்கே தேங்குகிறது, எதை நீக்கலாம் என்று பார்த்து எழுத வேண்டும். கடிகாரம் தெரிந்தால் ஜனங்கள் கடிகாரத்துக்காக வேலை செய்வார்கள், நிஜ வேலை கண்ணில் படாது என்பார். கழற்றியும் பெரிய பயன் இல்லை. அவர் சாப்பாட்டு அறைக்குள் வந்தாலே பேச்சு நின்றுவிடும்.

"மெதுவா மெல்லுங்கப்பா. எத்தினி தடவ மென்னோம்னு எழுதிக்கப் போறாரு" என்பார் டெஸ்பாட்ச் கிளார்க், அவர் காதில் விழும்படியே.

சிவப்பிரகாசமும் சிரிப்பார். பிறகு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரயில் பாதை தெரியும் ஜன்னலுக்குப் போய் நின்றபடியே சாப்பிடுவார்.

அவருடைய அப்பா கூடுவாஞ்சேரிப் பக்கம் சூளையில் கல் சுமந்தவர். பி.காம். படித்துவிட்டு, சனிக்கிழமைகளில் ரயிலேறி மெட்ராஸில் ஏதோ டிப்ளமா வகுப்புக்கும் இவர் போய்க்கொண்டிருந்தார். அங்கே சில கம்பெனிகள் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தன. அவற்றில் அனலிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. விளம்பரங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அவருக்குக் கிடைக்குமா என்று நான் காத்திருந்ததில் எனக்குக் கிடைக்குமா என்பதும் கலந்திருந்தது.

விண்ணப்பம் போட்ட இடங்களிலெல்லாம் ஒரே பதில்: நீங்களே செய்து பலன் கண்ட ஆய்வு ஒன்றை அனுப்புங்கள். எழுபத்து நான்கில் அது அவருக்குக் கிடைத்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கம்பெனியின் இறால் உரிக்கும் கொட்டகை இருந்தது. கரையிலிருந்து மீனவர்கள் கொண்டு வரும் கூடைகள் வாசலில் வேண்டா என்ற அம்மாளின் முன்னால் நிற்கும். அவள் கூடையின் அடிவரை கையை விடுவாள், எடுப்பாள், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடை உள்ளே போகும். சிவப்பிரகாசம் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா பாத்துகினு கீறேன்" என்றாளாம்.

அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். 'கூடை வாசலில் காத்திருக்கிறது: சராசரி பதினோரு நிமிடம். நோக்கம்: இல்லை. தரம் உள்ளே எப்படியும் பார்க்கப்படுகிறது.' ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

வேண்டாவை நிறுத்தினார்கள். கூடைகள் நிற்காததால் ஐஸ் மிச்சமானது. மானேஜர் ஜானகிராமன் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்.

அடுத்த சீசனில் துறைமுகத்திலிருந்து இரண்டு லாரிகள் திரும்பி வந்தன. நல்ல இறாலோடு அழுகல் கலந்திருந்தது. எங்கே கலந்தது என்று சிவப்பிரகாசத்துக்குப் பிடிபடவில்லை. "நான் கேட்டா சொல்ல மாட்டாங்க வச்சலா, நீங்களும் வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வேண்டா மணலில் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடிகாரத்தைக் கழற்றியதும் சிரித்துவிட்டாள்.

"பாக்கெட்டுல போட்டா அது ஓடாதா சார்? அன்னிக்கே பாத்தேன். நான் அந்தாண்ட திரும்பினா எட்டிப் பாத்துக்குவியே."

அவர் தலைகுனிந்தார். நான் கேட்டேன். "கூடையெல்லாம் ஏம்மா நிக்க வெச்சீங்க?"

"நேத்து மீந்த எறாவ அடியில போட்டு, இன்னிக்குப் புட்ச்சத மேல கொட்டினு வருவானுங்க. உரிச்சிட்டா எது எதுன்னு தெரியாது. அதுக்குத்தான்."

"கெட்டதுன்னு சொல்லி அனுப்பிடலாமே?"

"யார்கிட்ட? ஒருத்தன் நாத்தனார் புருஷன், ஒருத்தன் பெரிப்பா மவன். நாலு பேரு எதிர்ல உன் எறா நாறுதுன்னு சொன்னா, நாளிக்கு என் வூட்டுக் கல்யாணத்துக்கு வருவானா? நான் வாயே தொறக்க மாட்டேன். கூடையப் பாக்காத மாதிரி குந்திகினு இருப்பேன். கொஞ்ச நேரம் பாப்பான், அவனா தூக்கினு பூடுவான்."

"நல்ல கூடையும் நின்னுதே?"

"கெட்டது மட்டும் நின்னா தெரிஞ்சிபூடாதா? இன்னா படிச்சே நீ!"

சிவப்பிரகாசம் கடல் பக்கம் திரும்பினார். "உள்ளே போன கூடையைத்தான் எண்ணினேன். திரும்பிப் போனதை எண்ணவே இல்லை" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு அவளிடம் சொன்னார். "திருத்தி எழுதறேம்மா. உங்க வேலை என்னன்னு எழுதி, உங்களைத் திரும்ப எடுத்துக்கச் சொல்றேன்."

"எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டிப் போவட்டும். எழுதினத வந்து எனக்குப் படிச்சிக் காட்டு. சும்மா குந்திகினு கூலி வாங்கினேன்னு மருமவ பேசிகினு கீறா."

"ஒரு வாரத்துல வர்றேன்" என்றார்.

நாலு பக்கம் எழுதினார். கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொடுத்து, "இப்ப வேண்டாம். சொல்றப்ப டைப் பண்ணுங்க" என்றார். அதே வாரம் மெட்ராஸ் கம்பெனி ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. அவர் அனுப்பியிருந்தது பழைய அறிக்கை. இந்த நாலு பக்கமும் மேலே போனால் அது பொய்யாகிவிடும். எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவருக்காகக் கேட்காமல் இருந்தேனா, இப்படித்தான் முன்னேற முடியும் என்று நானும் நினைத்தேனா, இன்றுவரை தெளிவில்லை.

முதல் நேர்முகத்தில் கிடைக்கவில்லை. அதே அறிக்கையோடு மூன்று வருஷம் ஏறி இறங்கினார். எழுபத்தெட்டில்தான் அனலிஸ்ட் உத்தரவு வந்தது. கடைசி நாள் சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"அந்த நாலு பக்கம்..."

"இருக்கு சார்."

"இருக்கட்டும்" என்றார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடப் போக ஒருவரும் இல்லை. நானும் போகவில்லை.

ஒரு கார்டு போட்டார். 'மெஷினுக்காக அறையைக் குளிர வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. இங்கும் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.' நாலு பக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன மாதம் திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் வேண்டாவைக் கருவாட்டுக் கூடையோடு பார்த்தேன்.

"சார் எழுதினாரா?"

"எழுதிட்டாரும்மா. எங்கிட்டதான் இருக்கு. நான் வேணா கொண்டாந்து படிச்சிக் காட்டட்டுமா?"

"நீ எதுக்கு? எழுதினவரு வரட்டும்."

கருவாட்டின் மேல் சாக்கை இழுத்து விட்டாள். எங்கும் பார்க்காதவள் போல, கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.