லங்காவி விமானமும் காணாமல் போன நாற்பது நிமிஷமும்

நாலு பத்துக்கு லங்காவி விமானம் பினாங்கில் இறங்கிவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடியே பழனியாண்டி கைக்கடிகாரத்தை ஒரு பார்வை, போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிவப்பு அட்டை நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார். விமானத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம்தான். நேராகப் பறந்தால் நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். அதற்கு முப்பத்தைந்து நிமிஷமாம். அவர் கணக்குக்குப் பதினைந்தே தாராளம். "மேலயும் டிராபிக் ஜேமா? எங்கயோ சுத்திட்டு வாரான் லா" என்பார்.

சும்மா வந்த புத்தியில்லை இது. பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் கித்தாப் பால் லோரி ஓட்டியவர். பால் ஏற்றிய நேரம், ஆலையில் இறக்கிய நேரம் இரண்டையும் நோட்டில் எழுதியாக வேண்டும். ஐந்து நிமிஷம் கூடினால் போதும், வழியில் யாருக்குப் பாலை விற்றாய் என்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி துருவி எடுத்துவிடுவார். ஒருநாள் இருபது நிமிஷம் கூடிப்போயிற்று. மாற்றி எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம். மனுஷர் நோட்டில் பொய் எழுத மாட்டேன் என்றுவிட்டார். எங்கே நின்றார் என்பதற்கும் வாயைத் திறக்கவில்லை. லோரியைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாதம் புல் வெட்ட அனுப்பினார்கள்.

இப்போது அவரே கிராணி. மகள் யோகேஸ்வரி லங்காவி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் நிற்கிறாள். மாதம் ஒருமுறை சுங்கை லாலாங் வீட்டுக்கு வருவாள். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். பெட்டிக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை; இறங்கி நடந்துவரப் பத்து நிமிஷம் போதும். ஆனாலும் காரில் ஏற ஐந்து மணியாகிவிடும். அந்த நாற்பது நிமிஷம் எங்கே போகிறது? எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு மூஞ்சியையே வரைந்து வைத்துவிட்டார். ஒருதடவை கேட்டும்விட்டார். அதோடு மூன்று மாதம் பெண் வீட்டுப் பக்கம் வரவில்லை, ஓவர்டைமாம். இன்னொருதரம் கேட்டால் அடியோடு வராமல் போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் பயம் வேறு.

இன்று பொறுக்கவில்லை. இறங்கி உள்ளே போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். வருகைக்கூடத்துக் கடைசி நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, தேநீர்க் கோப்பையோடு யோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கையில் போன்கூட இல்லை. கால் மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார்; ஈ காக்கைகூட வரவில்லை. கடைசியில் அவள்தான் அவரைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்கும்மா காத்திருக்க?"

"யாருக்கும் இல்லப்பா. அங்க நாள் முழுக்க யாராச்சும் கூப்புட்டுக்கிட்டே இருப்பாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க கேப்பீங்க. இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சும்மா உக்காந்திருப்பேன்."

லோரி நாளில் பழனியாண்டியின் அந்த இருபது நிமிஷமும் இதேதான். கால்வாய் ஓரம் லோரியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்தேன் என்றால் எந்தக் கிராணி நம்புவான்?

"தேத்தண்ணிய குடிச்சிட்டு மெதுவா வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவள் காரில் ஏறியபோது மணி ஐந்தேகால். பழனியாண்டி நோட்டை மடியில் விரித்து, பேனாவை ஒருதரம் உதறி, மகள் ஏறிய நேரம் நாலு இருபது என்று எழுதி மூடினார்.