என் பங்குக்கு மூணு சீட்

எனக்கு வாய் ஜாஸ்தி. அம்மா இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனாள். மஞ்சக்குப்பத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, அலமாரி மொத்தத்தையும் இறக்கச் சொல்லிக் கலைத்துப் போட்டுவிட்டு எழுந்த ஒரு பெண்மணியிடம், "வீட்டுல போய் புடவ மடிச்சுப் பழகிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு தனியார் கம்பெனி ரயில் விடப்போகிறது, பெட்டிக்கு ஒரு ஆள் எடுக்கிறார்கள் என்று சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பேசிக்கொண்டார்கள். ஏறுகிறவர்களைக் கும்பிட்டு உட்காரவைத்து, டிபன் பொட்டலம் கொடுத்து, இறங்கும்போது சிரிக்க வேண்டும். சிரிப்பதுதான் எனக்குக் கஷ்டம். இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள்.

ஊரே கிண்டலடித்தது. கையைக் காட்டினால் பஸ் நிற்கிறது, சிதம்பரம் போக ஏசி ரயிலா, அதில் டிபன் வேறா, இட்லியைப் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிடுமே என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால், அந்த ரயில் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் என் தம்பி இருக்கிறான். பல்கலைக்கழகத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு கடலூர் முதுநகர் வீட்டில் நான் மட்டும்தான். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்து போனவன், அதற்கப்புறம் போனோடு சரி. அதுவும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான்.

நான் போகலாமே என்று கேட்பீர்கள். போனேன், ஒரு தரம். பிள்ளைக்குப் பரீட்சை, தம்பிக்கு ஆபீசில் ஏதோ ஆடிட். தம்பி பொண்டாட்டி காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே, "கடைசி பஸ்ஸு எப்ப அண்ணி?" என்றாள். அவள் தப்பாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம், யாராவது நடுவில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். ஒன்றுமே நடக்காததற்கு யாரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பது? ராத்திரி சமைத்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போது அந்த வீட்டில் என் வாய்க்கும் வேலை இல்லாமல் போனது.

ரயில் கிளம்புகிற நாள் நெருங்கியும் டிக்கெட் விற்கவில்லை. மேனேஜர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, முதல் நாள் சொந்தபந்தங்களை அழைத்து வாருங்கள், டிக்கெட்டும் டிபனும் கம்பெனி செலவு, டிவிக்காரர்கள் வரும்போது காலி சீட் தெரியக்கூடாது என்றார். பரங்கிப்பேட்டைப் பெண் ஒருத்தி என்னோடு சேர்ந்தவள், எத்தனை பேர் சார் வரலாம் என்று கேட்டாள். அவளுக்கு அரைப் பெட்டி தேவைப்பட்டது. என்னைக் கேட்டார்கள். மூணு சீட் என்றேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். வேலை கிடைத்த அன்றே சொல்லியிருந்தேன், சந்தோஷம்க்கா என்றான். இப்போது மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் மூவரும் காலையில் கடலூர் வந்துவிட்டால் என் பெட்டியிலேயே ஏறிப் போகலாம் என்றேன்.

"இங்கேர்ந்து கடலூர் வந்து, மறுபடியும் இங்கியே வரணுமாக்கா?" என்றான்.

நியாயமான கேள்விதான். அவனுக்கு எதற்கு இந்த ரயில்? பார்க்கிறேன் என்றான். முடியாவிட்டால் சிதம்பரம் ஸ்டேஷனுக்காவது குடும்பத்தோடு வந்து நிற்கிறோம் என்றான். எனக்கு அது போதும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? என் பெட்டியில் ஜன்னலோர வரிசையாகப் பார்த்து, மூன்று சீட்டிலும் பேப்பர் ஒட்டி வைத்தேன். என் தம்பி குடும்பம் வருகிறது என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன். அவனுக்கு மிளகு முந்திரி பிடிக்கும். ஒரு பாக்கெட் வாங்கி, கம்பெனி கொடுத்த யூனிபார்ம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு வாழைமரம், பலூன், நாதஸ்வரம் என்று ஸ்டேஷன் கல்யாண வீடாகக் கிடந்தது. பரங்கிப்பேட்டைக் கூட்டம் வந்து இறங்கியது. உம்மா, பெரியம்மா, மச்சிமார்கள், பிள்ளைகள். டிபன் உண்டு என்று சொல்லியும் தூக்குவாளியோடு வந்தார்கள். அவள் பெட்டி நிரம்பி, மிச்சப் பேர் என் பெட்டிக்கு வந்தார்கள். நான் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டேன். ஒவ்வொரு தலைக்கும் பின்னால் தம்பி தலை தெரிகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

கேமராக்காரர்கள் பெட்டிக்குள் வர, முன்னால் வந்த மேனேஜர் கண்ணில் அந்த மூன்று சீட் பட்டது. யாருடையது என்றார். என் தம்பி குடும்பம், சிதம்பரத்தில் வருவார்கள் என்றேன்.

"மேடம், வண்டியே அங்கதான் முடியுது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் பேப்பர்களைக் கிழித்துவிட்டு, கோட்டைக் கழற்றிவிட்டு நீங்களே உட்காருங்கள், சந்தோஷமாக வெளியே பாருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். என் சொந்தக்காரியாக நானே உட்கார்ந்தேன். பரங்கிப்பேட்டை உம்மா தன் பேத்திகள் இரண்டு பேரைப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, ஊருக்குப் போகிறவள் பை இல்லாமலா போவாள் என்று தன் கைப்பையை என் மடியில் வைத்தார். மைக்கை நீட்டிய பெண், எங்கே போகிறீர்கள் என்றாள்.

"சிதம்பரம். தம்பி வீட்டுக்கு."

எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. வண்டி கிளம்பியது. ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. பிள்ளைகள் முந்திரியைத் தின்று தீர்த்தார்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் அவர்கள் கத்தியபோது நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் நான் நிஜமாகவே தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கலைந்தார்கள். திரும்பி வண்டி எடுக்கும்வரை பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் கையில்தான் இருந்தது. கூப்பிட்டால், அடடா மறந்தே போச்சுக்கா என்பான். அந்த வார்த்தை என் காதில் விழ வேண்டாம் என்று இருந்தது. அழுகை வந்தது. வேலை நேரம், அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, ஆபீஸ்ல ஒருத்தரு வீடியோ காட்டுனாரு. புது ரயில்ல நீ! ஜவுளிக்கடைல லீவு போட்டியா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"தம்பி வீட்டுக்குப் போறேன்னு டிவில சொல்லிட்டு, வீட்டுக்கே வரலியேக்கா. ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம்தான. இவகூட ஒரு மாதிரி ஆயிட்டா."

அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"மறந்துட்டேன்டா," என்றேன்.

"பரவால்லக்கா," என்றான். "அடுத்த தடவ மறக்காம வா."