கோடித் துணியில் வடிகட்டிய பெட்ரோல்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பேன், பல வருஷமாகத் தள்ளிப்போடுவேன். நான் அஞ்சாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன். பேனா பிடித்துப் பழகிய கை இல்லை என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. சாமி காரியம் என்று நினைத்துச் செய்ததில் நடந்த ஒரு தவறைச் சொல்லப்போய், படிக்கிறவர்கள் பக்தியையே கேலி செய்துவிடுவார்களோ என்று பயந்தேன். நாமக்கல் நாமகிரித் தாயார் கிருபையால் இப்போது துணிந்துவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். அன்றைக்கு நாங்களே சிரித்தோம்.

யுத்த காலம் அது. ராசிபுரத்தில் எங்களுக்கு இரண்டு தறி. நெய்த புடவையைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு, நூல் வாங்கி வருவது என் வேலை. அதற்கென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். ஏர்க்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றது. அவருக்கு முன்னாலும் யாரோ ஓட்டிக் களைத்த வண்டி. ஆனாலும் எங்கள் தெருவில் இருந்த ஒரே மோட்டார் வாகனம் அதுதான். வெள்ளிக்கிழமை தோறும் கழுவித் துடைத்து, விளக்குக்கு மேலே சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் எடுப்பேன்.

யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோலிலும் தண்ணீர் கலந்திருக்கும், துரு இருக்கும். வண்டி நடுவழியில் இருமி இருமி நிற்கும். சேலத்தில் நான் வண்டி காட்டுகிற பட்டறைக்காரர், "வடிகட்டி ஊத்துங்க. பதமான ஆட்டுத்தோல் ஒண்ணு விப்பாங்க, அதுல வடிச்சா தண்ணி மேலயே நின்னுக்கும்" என்றார்.

தோல் என்றதும் எனக்கு மனசு கூசியது. எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. குங்குமம் வைக்கிற வண்டிக்குச் செத்த ஆட்டின் தோலில் வடிகட்டியா ஊற்றுவது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நம் வீட்டில் துணிக்கா பஞ்சம்? தறியிலிருந்து அறுத்த துண்டு ஒன்றை எடுத்தேன். அதுவும் தண்ணீர் படாத கோடித் துணி. சாமிக்குச் சாத்துவதென்றால் கோடிதானே சாத்துகிறோம்? ஒருமுறை நனைத்த துணி சுத்தக் குறைவு என்று சொல்லி வளர்த்தவர்கள் எங்களை. அதனால் ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு, கோடித் துண்டு. புனலில் அதை விரித்துப் பெட்ரோலை ஊற்றும்போது அபிஷேகம் பார்க்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

அதற்குப் பிறகுதான் வண்டி குடிக்க ஆரம்பித்தது.

முன்பெல்லாம் ஒரு தடவை ஊற்றினால் சேலத்துக்கு இரண்டு நடை போய்வந்தும் மிச்சம் இருக்கும். அது ஒரு நடையாகக் குறைந்தது. அப்புறம் அந்த ஒரு நடைக்கே இழுபறியாயிற்று. பின்னால் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் அடுப்படிச் சட்டி போலக் கரி. நிறுத்தி வைத்த இடத்தில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். ஒரு வெள்ளிக்கிழமை நான் சூடத் தட்டோடு குனிந்தபோது, என் சம்சாரம் ஓடிவந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். இனிமேல் இந்த வண்டிக்கு விபூதி மட்டும் போதும், நெருப்பைக் கிட்டே கொண்டுபோனால் தாயாரே வந்து தடுத்தாலும் நிற்காது என்றாள்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. டயருக்குக் காற்று நிறைய அடித்தேன். சங்கிலியை இறுக்கினேன். பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். கார்ப்பரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கி வைத்தேன். பட்டறைக்காரர் பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டை மாற்றிச் சின்னத் துவாரம் உள்ளதாகப் போட்டார். மேடு ஏறவே திணறியது, சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் என்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார். தெருவில் கண்திருஷ்டி என்றார்கள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். துரை ஓட்டிய வண்டி, குடித்துத்தான் பழக்கம் என்று ஒருவர் சொன்னார். நான் இன்னும் கவனமாக, துணியை இரண்டாக மடித்து வடிகட்டினேன். மடிக்க மடிக்க அது அதிகமாகக் குடித்தது.

பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் கரிவாயு பஸ் என்னைத் தாண்டிப் போகும். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ் அது. அதுவே மேட்டில் ஆளை இறக்கிவிட்டுத்தான் ஏறும். அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, ரண்டு கூடை கரி தரட்டுங்களா? முதுகுல கட்டிக்கிட்டு ஓட்டுங்க" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

இந்த நிலையில் இருக்கும்போதுதான் என் மச்சினர், அதாவது என் சம்சாரத்தின் தம்பி, பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். நாமக்கல்லுக்கு அப்பால் மோகனூர்ப் பாதையில் அவர்கள் ஊர். எங்கள் குலதெய்வக் கோயிலும் அங்கேதான். எங்கள் முதல் பெண்ணுக்கு அப்போது காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பது முறை. மாமன் கடல் தாண்டிப் போனவர், என்றைக்கு வருவாரோ என்று காத்திருந்தோம். அவர் வந்ததும் அடுத்த வாரத்தில் நாள் குறித்தோம்.

ஒருநாள் சாயங்காலம் அவர்கள் ஊர் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். லீவை ரத்து செய்து தந்தி வந்துவிட்டதாம். நாளை மறுநாள் காலையில் மச்சினர் கரூருக்குப் போய் ரயில் ஏறவேண்டுமாம். ஆகையால் நாளைக் காலையிலேயே கோயிலில் காது குத்திவிடலாம், எப்படியாவது பிள்ளையைக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

என் சம்சாரம் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கரிவாயு பஸ் அங்கே போய்ச் சேர மத்தியானம் ஆகும், முகூர்த்தம் தவறிவிடும். வழக்கமாக வருகிற மாட்டு வண்டிக்காரர் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். மிச்சம் இருந்தது மோட்டார் சைக்கிள். ஊதுவத்தி எரிந்து மிஞ்சிய குச்சியை டாங்கியில் விட்டுப் பார்த்தேன். நுனியில் இரண்டு விரற்கடை மட்டும்தான் நனைந்தது. வண்டி குடிக்கிற குடிக்கு அது பாதி வழியில் இருக்கிற புதுச்சத்திரம் தாண்டாது. கூப்பனோ அடுத்த மாதம்தான்.

"எந்தம்பி யுத்தத்துக்குப் போறானுங்க" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் சாக்கை விரித்துக் கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். அதுவரை நான் மேலே இருக்கிற ஊசியைத் தாண்டிப் போனதில்லை, பட்டறைக்காரரும் ஜெட்டைத் தாண்டித் திறந்து பார்த்ததில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார்ப்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற ஒரு செம்பு. பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி, வேறோர் ஊசியின் முனையால் பெட்ரோல் வருகிற வழியை அடைத்துவிடும். அந்த அடைப்பு சரியாக உட்காரவில்லை என்றால் பெட்ரோல் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். என்ஜினுக்கும் அதிகம் போகும், தரையிலும் சொட்டும்.

கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. ஊசி முனையிலும் ஒட்டியிருந்தது. யுத்தப் பெட்ரோலில் என்ன கண்றாவி எல்லாம் கலக்கிறார்களோ என்று திட்டிக்கொண்டே அதை வழித்துச் சாக்கில் தடவினேன். என் சம்சாரம் குனிந்து அதில் கொஞ்சம் எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்கு, கஞ்சி பதம் பார்க்கும்போது அவள் அப்படித்தான் தேய்ப்பாள். எங்கள் வீட்டில் நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவது அவள்தான்.

"ஏனுங்க, இது கஞ்சிங்க" என்றாள்.

பெட்ரோலுக்குள் கஞ்சி எப்படி வரும் என்று கேட்டேன்.

"நம்மூட்டுக் கஞ்சிதானுங்க. அரிசிக் கஞ்சி. போன பாவுக்குக் காச்சுனது. கோடித் துணியில வடிச்சா பின்ன என்ன வருமுங்க? துணி தண்ணியே பாக்கல. பெட்ரோல்ல இருக்கிற தண்ணிதான் அதைக் கரைச்சு உட்டிருக்குது."

நான் சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுத் துணி, மடித்து மடித்து. குடித்தது வண்டி இல்லை. நான்தான் அதற்குத் தவறாமல் கஞ்சி வார்த்திருக்கிறேன். முதலில் அவள்தான் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதுவும் கெக்கலித்தது. கொஞ்ச நேரத்தில் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சேதி கொண்டுவந்த ஆள், தம்பி யுத்தத்துக்குப் போகிற வீட்டில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு மனசு குத்தியது. சாமிக்கு என்று நினைத்துத்தானே செய்தேன், அது இப்படி ஆகிவிட்டதே என்றேன். அவள் வெந்நீர்ச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, "சாமிக்குக் கோடி. மிசினுக்கு வெளுத்த துணி. அதுக்கு அது, இதுக்கு இது. இதுல சாமி கோவிச்சுக்க என்னங்க இருக்குது?" என்றாள். அந்த வார்த்தையை நான் பல இடத்தில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணத்தையும் ஊசியையும் வெந்நீரில் கழுவினேன். ஊசி உட்காருகிற இடத்தை விளக்குத் திரி முறுக்கித் துடைத்தேன். துளி ஈரமில்லாமல் காயவைத்தேன். முன்பு இறக்கி வைத்த மேல் ஊசியைப் பழைய படிக்கே ஏற்றி, பட்டறைக்காரர் கழற்றிக் கொடுத்த பழைய ஜெட்டையே திரும்பப் போட்டேன். டாங்கியில் இருந்த பெட்ரோலை ஒரு போசியில் வடித்து, கொஞ்ச நேரம் தெளியவைத்தேன். அவளுடைய புடவையில் கிழித்த துண்டு ஒன்று, எத்தனையோ தடவை துவைத்து நைந்தது, அதில் வடிகட்டி அடி மண்டியை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் ஊற்றினேன். பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு, சேதி கொண்டுவந்தவரும் நாங்களுமாக மூன்று பேரும் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டவில்லை.

பொழுது விடிய, விபூதி இட்டுக்கொண்டு புறப்பட்டோம். பின்னால் கேரியரில் சமுக்காளத்தை மடித்துப் போட்டு, என் சம்சாரம் காலை ஒரே பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டாள். பொம்பளையை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகிறான் என்று தெருவில் கதவெல்லாம் திறந்தது. முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. சத்தமே வேறாக இருந்தது. பாவு ஓடும்போது தறி ஒரே தாளத்தில் பேசுமே, அந்த மாதிரி. சோளக் கொல்லையில் பனி இருந்தது. சாலை ஓரத்துப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எனக்கு வாய் தானாகத் தாயார் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. புகை வருகிறதா என்று மட்டும் அவளை அடிக்கொரு தடவை கேட்டேன். இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ரோட்டைப் பார்த்து ஓட்டும்படி அதட்டினாள்.

புதுச்சத்திரத்தில் அந்தக் கரிவாயு பஸ் நின்றுகொண்டிருந்தது. அடுப்பு அணைந்துபோய், கிளீனர் துருத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். குச்சியை விட்டுப் பார்க்க எனக்கும் நிற்க வேண்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் குச்சியில் ஈரம் அதிகம் இறங்கவில்லை. வண்டிக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று டிரைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் சம்சாரம், "கஞ்சியை நிறுத்திப்போட்டோமுங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நாமக்கல் மலையைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டி, அங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். கோயிலை அடைந்தபோது ஆசாரி தங்கக் கம்பியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மச்சினர் வேட்டி கட்டி, பட்டாளத்துக் கிராப்போடு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவந்து, அக்காள் கையிலிருந்து பிள்ளையைப் பறித்த மாதிரி வாங்கிக்கொண்டார். மடியில் உட்காரவைத்து, கையில் வெல்லத்தைக் கொடுத்தார். "அழுவாத சாமி, ஆச்சு சாமி" என்று சொல்லும்போது அவர் கண்தான் முதலில் நிறைந்தது. ஒரு காது ஆனதும் பிள்ளை போட்ட சத்தத்தில் கோயில் மயில் பறந்தது. இரண்டாவது காதும் ஆனது. மச்சினர் வேட்டியைத் தூக்கிக் காட்டி, "மாமா, மடியெல்லாம் ஈரம். எம்மருமவ தீர்த்தம் தெளிச்சு அனுப்புறா. எனக்கென்ன பயம்?" என்றார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை அழுது களைத்து அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். இலை போட்டு, சோறு ஆறி, மறுபடி சுடச் சுடப் போட்டார்கள். பிள்ளை தானாக விழித்துக்கொள்கிற வரைக்கும் அவர் காலை அசைக்கவே இல்லை. அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைத்தாள். மறுநாள் கரூர்க் கரைக்குப் போகக் காவேரியில் பரிசல் ஏறும்போது, போயிட்டு வாரேன் என்று பிள்ளையிடம்தான் சொன்னார். யுத்தம் முடிந்து, சொன்னபடியே வந்தும் சேர்ந்தார்.

படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சங்கதி எங்கள் பக்கத்தில் ஏற்கனவே பலவிதமாக உலவுகிறது. தாயார் கனவில் வந்து கார்ப்பரேட்டரைக் கழற்றச் சொன்னாள் என்று ஒருவர் சொல்கிறார். கண்டுபிடித்தது நான்தான் என்று இன்னொருவர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாமன் போய்விட்டார் என்று சொல்லிக் கேட்கிறவர்களை அழவைக்கிறவர்களும் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. கஞ்சியைக் கண்டது என் சம்சாரம். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்தாள், தூங்கவும் தூங்கினாள். தாயார் கிருபை அதில் போதுமான அளவுக்கு இருக்கிறது, கூடச் சேர்க்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.