டவர் ஸ்பீக்கரும் என் காதும்

ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் எனக்கிருந்த ஒரே பெரிய குறை, டிவியில் யாரும் தெளிவாகப் பேசுவதில்லை என்பதுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அந்த டிவியை அனுப்பி வைத்திருந்தாள். ஐம்பத்தைந்து அங்குலம். ஏற்காட்டில், கிளியூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டு ஹாலில் ஒரு சுவரையே அது எடுத்துக்கொண்டது. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சுதான் சரியில்லை. நடிகர்கள் வாய்க்குள்ளேயே பேசினார்கள். செய்தி வாசிப்பவர்கள் பாதி வார்த்தையை விழுங்கினார்கள். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து குறைப்பாள்.

"ஏனுங்க, ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கேக்குதுங்க."

"டிவியெல்லாம் இப்ப அப்பளமாட்டம் தட்டையாப் போச்சு. சத்தம் வர்றதுக்கு உள்ள எடமே இல்ல" என்று நான் விளக்கம் சொல்வேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதனால் அந்த விளக்கத்தை நானே முழுதாக நம்பினேன்.

முப்பத்தோரு வருடம் ஒரு காபி எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்தவன் நான். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர், டீசல் ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ஜீப் என்று ஓடுகிற எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குறை இயந்திரத்தில் இருந்தால் அதைச் சரி செய்துவிடலாம், முடியாவிட்டால் மாற்றிவிடலாம். எனவே ஹாலில் ஒரு சின்ன ஹோம் தியேட்டர் வைப்பது என்று முடிவு செய்தேன்.

இரண்டு மாதம் போனில் அது சம்பந்தமான வீடியோக்களாகப் பார்த்தேன். டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான சவுண்ட் பார் போதும் என்றார் ஒருவர். அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்தான் நல்லது என்றார் இன்னொருவர். எனக்கு என்னவோ டவர் ஸ்பீக்கர் மேல்தான் கண். இடுப்புயரத்துக்கு ஒல்லியாக, டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற மரப்பெட்டிகள். தனியாக ஸ்டாண்டு வேண்டாம். நாங்கள் வைத்திருந்த பண வரம்புக்குள் வருகிற மாதிரியும் சில இருந்தன. என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பெருக்கறப்ப என்னால நகத்த முடியோணும்."

அவள் மிஷன் பள்ளியில் ஆசிரியை. சர்ச் பாடற்குழுவிலும் பாடுகிறவள். பள்ளி விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேரும் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். துணைக்கு அவளை நான் அழைத்துப்போனேன் என்று சொல்ல முடியாது. தனியாக விட்டால் நான் எதைத் தூக்கிக்கொண்டு வருவேனோ என்று அவளே கிளம்பிவிட்டாள். அடிவாரம் வருவதற்குள் வழக்கம்போல எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

கடை ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு கல்யாண மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவர். ஹால் எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள், பாட்டு அதிகமா படம் அதிகமா என்று நிதானமாகக் கேட்டார். பிறகு சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். எங்கள் வரம்புக்குள் இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார். நான் பெட்டிகளை விரலால் தட்டிப் பார்த்தேன். முதல் ஜோடி, மரக் கலரில், கனமாகச் சத்தம் கொடுத்தது. இரண்டாவது கறுப்பு, பளபளப்பு, தட்டினால் காலி டப்பா மாதிரி இருந்தது. அதற்கு மனதுக்குள் ஒரு மார்க்கைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் கேட்கத்தானே ஸ்பீக்கர்.

ஒரு படத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிற காட்சியைப் போட்டார். முதல் ஜோடியில் அவர்கள் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. எங்கள் வீட்டு டிவிக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அதே காட்சியை இரண்டாவது ஜோடியில் போட்டார். ஒவ்வொரு வார்த்தையும் வெட்டி எடுத்து வைத்த மாதிரி வந்தது.

"இதுதான்! இதையே போட்டிருங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் என் மனைவி இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார்.

"அண்ணா, இது கொஞ்சம் கீச்சுன்னு அடிக்குமுங்க. 'ச' வர்ற எடத்துல எல்லாம் ஊசி குத்தறமாதிரி இருக்கும். அரை மணி நேரம் கேட்டா தல வலிக்கும்."

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே."

"பல்லு கூசுதுங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் விலை கூடினதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கேட்டால், முதல் ஜோடிதான் விலை குறைவு. எனக்குப் புரியவில்லை. அவருக்கும் என்னைப் புரியவில்லை போல. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு நல்லாப் பழக்கமான சத்தம் ஏதாச்சும் போன்ல இருக்குதுங்களா? சினிமா வேண்டாம்" என்றார்.

என் மனைவி போனைத் தேடி ஒரு வீடியோவை எடுத்துக் கொடுத்தாள். மழை விட்ட ஒரு சாயங்காலம் எங்கள் பின்வாசலில் நின்று மகளுக்காக எடுத்தது. கடைக்காரர் அதை அந்தக் கறுப்பு ஸ்பீக்கரிலேயே போட்டார். பாத்திரம் உரசுகிற சத்தம் கேட்டது. மேட்டில் ஒரு ஜீப் கியர் மாற்றியது. "கண்ணு, மூடுபனி எப்படி எறங்குது பாரு" என்று அவள் குரல் வந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"சில்வண்டு என்ன போடு போடுதுங்க" என்று சிரித்தார் கடைக்காரர். "எங்களுக்கு இங்க அதெல்லாம் எங்க கேக்குது."

"சாயங்காலமானா அது ஒரே எரைச்சலுங்க. பக்கத்துல பேசறதே கேக்காது" என்றாள் என் மனைவி.

"எந்தச் சில்வண்டு?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலைந்து வருடங்களாக நான் டீக்கடையில் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லி வந்திருக்கிறேன். தோட்டங்களில் மருந்து அடித்து அடித்துச் சில்வண்டுகளே ஏற்காட்டில் இல்லாமல் போய்விட்டன என்று. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். செம்மநத்தத்து விவசாயி ஒருவர் மட்டும், "எங்க பக்கம் நெறைய இருக்குதுங்களே" என்றார். "உங்க பக்கம் மருந்து கம்மிங்க, அதனால இருக்கும்" என்று அவருக்கும் பதில் சொல்லி அனுப்பியிருந்தேன்.

கடைக்காரர் வீடியோவை மறுபடி போட்டார். ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றேன். பாத்திரம், ஜீப், அவள் குரல். வேறொன்றுமில்லை.

"காது அடைச்சிருக்குதுங்க. மலை எறங்குனா எனக்கு எப்பவும் இப்படித்தான்."

"இருக்குமுங்க, மலையில இருந்து வர்றவங்க சொல்லுவாங்க" என்றார் அவர். டீ வரவழைத்தார். குடித்து, கொட்டாவி விட்டு, மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டேன். மாற்றமில்லை.

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். "அண்ணா, இன்னைக்கு எதுவும் வாங்க வேண்டாமுங்க. ஒருதடவ காது டாக்டரப் பாத்துட்டு வாங்க. டவர் எங்கயும் போயிராது. எங்க தொழில்ல இது சகஜமுங்க. மைக்செட்டுக் கட்டுன காலத்துல இருந்து எனக்கே இடது காது கம்மிதான்."

எனக்குக் கோபம் வந்தது. பொருள் வாங்க வந்தவனை நோயாளியாக்கி அனுப்புகிறாரே என்று. படியிறங்கிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழெட்டு வளைவு ஏறின பிறகு அவளிடம் கேட்டேன்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா புள்ள?"

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னனுங்க. மூணு தடவ சொன்னேன். நீங்கதான் கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள்: "ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும், ஏன் டீச்சர் இப்படிக் கத்திப் பேசறீங்கன்னு கேக்கறாங்க. நொம்ப வருசமா ஊட்டுல சத்தமாவே பேசிப் பேசி, எனக்கு மெல்லப் பேசறதே மறந்து போச்சுங்க."

அவள் குரல் வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன். "உங்கம்மாவுக்கு இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோவந்தான்" என்று மகளிடம் போனில் சொல்லியும் இருக்கிறேன். அவள் குரலை உயர்த்தினால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். அங்கே போய்ச் சில்வண்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளோ எனக்குக் கேட்க வேண்டுமே என்றுதான் கத்தியிருக்கிறாள்.

அடுத்த வாரமே காது டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் நன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டதாக்கும் என்று வெளியே பார்த்தால், சோதனை செய்கிற பெண் இன்னும் இயந்திரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார். கோடு பாதி தூரம் மேட்டிலேயே போய், பிறகு சரிந்து இறங்கியது. "என்ன வேலை பாத்தீங்க?" என்றார். சொன்னேன். "ஜெனரேட்டர் ரூம்ல காதுக்கு ஏதாவது போட்டுப்பீங்களா?"

"சில சமயம் பஞ்சு வைப்பனுங்க."

அவர் எழுதிக்கொண்டார். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் எனக்குப் போயிருக்கின்றன என்று விளக்கினார். ச, த, ப மாதிரி எழுத்துகள் வருகிற இடம் அது. அதனால் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது மட்டும் பிடிபடாது. கீச்சென்று அடிக்கிற ஸ்பீக்கர் எனக்குத் தெளிவாக இருந்த காரணமும் அதுதான்.

"அப்ப நடிகருங்க மேல தப்பில்லீங்க" என்றாள் என் மனைவி என்னைப் பார்த்து. அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

இரண்டு காதுக்கும் கருவி வந்தது. முதல் வாரம் படாத பாடு. செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் கிழிகிற மாதிரி இருந்தது. என் செருப்பே என்னைத் துரத்தியது. இரண்டு நாள் போடுவேன், மூன்று நாள் டப்பாவில் வைத்துவிடுவேன். ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வெயில் நாளிலும் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நடந்தேன். அவளுக்கும் பழக்கம் உடனே மாறவில்லை. "மெல்லப் பேசு, கேக்குது" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி நான் முதல்முறை சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே கடை. கடைக்காரர் என் காதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பழைய காட்சியைக் கறுப்பு ஸ்பீக்கரில் போட்டார். பத்து நொடிகூடத் தாங்கவில்லை. "போதுமுங்க, நிறுத்துங்க" என்று நானே கையைத் தூக்கினேன். பிறகு மரக் கலர் ஜோடி. அப்பா பேசினார், மகள் பேசினாள். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் அந்த மனிதர் மூச்சை இழுத்து விடுவதும், உட்கார்ந்திருந்த நாற்காலி முனகுவதும் கேட்டன. அந்த ஜோடியையும் அதற்கேற்ற ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரையும் வாங்கினோம். "நடுவுல வைக்கிற ஸ்பீக்கரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல இது ரெண்டும் பழகட்டும்" என்றார் கடைக்காரர்.

மலைக்குத் திரும்புகிற ஒரு காய்கறி வேனில் ஏற்றி வந்தோம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஒன்றரை அடி தள்ளினால் சோபா கதவை இடித்தது. மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு ஓரடியில் சமாதானமானோம். மழைக்காலத்தில் எங்கள் தரை வேர்க்கும், மரப்பெட்டி ஊறிப்போகும். அதனால் சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டுகளை அடியில் கொடுத்தேன். "இனி நான் எப்படிங்க நகத்தறது?" என்றாள் அவள். பெருக்கும்போது நானே நகர்த்தித் தருவதாக ஒப்புக்கொண்டேன். இன்றுவரை அது என் வேலை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேகமாகப் பேசுகிற படமென்றால் இப்போதும் கீழே எழுத்து ஓட வேண்டும். கருவியை நாள் முழுக்கப் போடுவதும் இல்லை.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பாடற்குழுப் பெண்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியைப் போனில் பதிவு செய்திருந்தார்கள். பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் எங்கே பிசகுகிறது என்று தெரியும் என்பது என் மனைவியின் யோசனை. நான் இணைத்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். பாட்டு நன்றாகத்தான் போனது. ஒரு குரல் மட்டும் ஒவ்வொரு அடியின் முடிவிலும் மற்றவர்களைத் தாண்டி ஓங்கி ஒலித்தது. பாட்டு முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஒருத்தரு மட்டும் நொம்பச் சத்தமாப் பாடறோம். யாருன்னுதான் புடிபடல" என்றார் குழுவை நடத்துகிற அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்கதான் வெளி ஆளு. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. என் மனைவி தரை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குல்லாவைக் கழற்றிக் காதுக்குப் பின்னாலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினேன். "எனக்குக் காது மந்தமுங்க. என்னையப் போயிக் கேக்கறீங்களே."

வெளி ஆட்களிடம் அதுவரை நான் அதைச் சொன்னதில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். பிறகு பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு நான் எல்லோருக்கும் காபி கலக்கப் போனேன்.